வழிகாட்டிக்குக் கூலி, காட்டுக்கு வேலி!

தேக்கடி என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? ஏரி. ஏரியில் படகு. கரையில் யானை.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் பாட்டிமார் வரை பஸ்ஸில் ஏறுகிறார்கள். கம்பம், கூடலூர் தாண்டி, மலை வளைவுகளில் ஏறிக் குமுளிக்குப் போய்ச் சேருகிறார்கள். ஏரியில் ஒரு சுற்று சுற்றி வருகிறார்கள். கடைத்தெருவில் ஏலக்காயும் மிளகும் வாங்குகிறார்கள். பிறகு ஊர் திரும்புகிறார்கள். நம்மில் பலர் கண்ட தேக்கடி இவ்வளவுதான்.

ஆனால் தேக்கடி வெறும் ஏரி அல்ல. கேரள மாநிலத்தில் உள்ள பெரியாறு புலிகள் காப்பகத்தின் ஒரு வாசல் அது. அந்தக் காப்பகத்தின் பரப்பு 925 சதுர கிலோமீட்டர். அதன் நடுப்பகுதி 1982-ம் ஆண்டில் தேசியப் பூங்கா ஆயிற்று. யானை, புலி, காட்டெருமை, மிளா, செந்நாய், நீர்நாய், கருமந்தி, மலை அணில் எல்லாம் அங்கே வாழ்கின்றன. அந்தக் காட்டுக்குள் நடந்து போகப் பாதைகள் உண்டு. மூங்கில் தெப்பத்தில் போக நீர்வழிகளும் உண்டு.

அங்கே போகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. காட்டு இலாகா ஏற்பாடு செய்து தரும் உள்ளூர் வழிகாட்டிக்கு உரிய கூலியைக் கொடுத்து, அவர் பின்னால் நடக்க வேண்டும்.

“அது வீண் செலவு அல்லவா?” என்று சிலர் கேட்பார்கள்.

வீண் செலவு அல்ல. அந்தக் கூலிதான் காட்டுக்கு வேலி. நம் உயிருக்கும் அதுவே வேலி. நாம் குடிக்கும் தண்ணீருக்குக்கூட அதுதான் வேலி! எப்படி என்று பார்ப்போம்.

கிழக்கே திரும்பிய ஆறு

பெரியாறு சிவகிரி மலைப்பகுதியில் பிறக்கிறது. மலையில் நல்ல மழை. ஆனால் அந்த மழைத்தண்ணீர் எல்லாம் மேற்கே ஓடி அரபிக் கடலில் விழுந்தது. மலைக்குக் கிழக்கே இருந்த மதுரைச் சீமையோ வானம் பார்த்த பூமியாகக் கிடந்தது.

இந்த ஆற்றைக் கிழக்கே திருப்பினால் என்ன என்று யோசித்தார்கள். 1886-ம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசும் ஆங்கில அரசாங்கமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. மறு ஆண்டு வேலை தொடங்கிற்று. வேலையை நடத்தியவர் பென்னிகுயிக் என்ற ஆங்கில எஞ்சினீயர். அடர்ந்த காடு, ஓயாத மழை, மலேரியாக் காய்ச்சல். கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதும் உண்டு. எத்தனையோ தொழிலாளர்கள் அங்கே உயிர் விட்டார்கள். 1895-ம் ஆண்டில் அணை எழுந்தது.

அணையில் தேங்கிய தண்ணீர்தான் தேக்கடி ஏரி. பரப்பு சுமார் 26 சதுர கிலோமீட்டர். அது தோண்டிய ஏரி அல்ல. காட்டை மூழ்கடித்து உண்டான ஏரி. அன்று மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்றும் தண்ணீருக்கு மேலே கருகருவென்று நிற்கின்றன. நீர்க்காக்கைகள் அவற்றின்மேல் உட்கார்ந்து இறக்கையை விரித்து வெயில் காய்கின்றன. படகில் போகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

ஏரித் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்க வழியாகத் தமிழ்நாட்டுக்கு வருகிறது. லோயர் கேம்ப் என்ற இடத்தில் பெரிய குழாய்களில் இறங்கி மின்சாரம் தருகிறது. பிறகு கம்பம் பள்ளத்தாக்கில் பாய்ந்து வைகையில் சேருகிறது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய 5 மாவட்டங்களின் வயலுக்கும் வாய்க்கும் இந்தத் தண்ணீர் எட்டுகிறது.

அணையைப் பற்றி இரண்டு மாநிலங்களுக்கும் நீண்ட வழக்கு உண்டு. அது வேறு விஷயம். அணை தண்ணீரைத் தேக்கி வைக்கிறது. அந்தத் தண்ணீரைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுப்பது காடு.

மழைத்துளி முதலில் இலையில் விழுகிறது. இலையிலிருந்து சருகில் சொட்டுகிறது. சருகு மெத்தையில் ஊறி வேர் வழியாக மண்ணுக்குள் இறங்குகிறது. பிறகு ஓடையாகக் கசிந்து வருகிறது. மழை நின்று பல நாள் ஆன பிறகும் மலை ஓடையில் தண்ணீர் ஓடுவது இதனால்தான். மரம் போனால் என்ன ஆகும்? மழை மண்ணை அறுத்துக்கொண்டு ஒரே மூச்சில் ஓடிவரும். அன்று வெள்ளம்; மறுமாதம் வறட்சி. ஏரியில் தண்ணீருக்குப் பதில் சேறு நிரம்பும்.

ஆகவே, அந்தக் காட்டில் ஒரு மரம் சாய்வது குமுளிக்காரர்களின் கவலை மட்டும் அல்ல. மதுரையில் குடத்தோடு குழாயடியில் நிற்கும் தாய்மாரின் கவலையும் அதுதான்.

திருடினவர்களே காவலர்கள்

இவ்வளவு பெரிய காட்டை யார் காப்பது? சில நூறு காவலர்களால் ஒவ்வொரு மரத்துக்கும் காவல் நிற்க முடியுமா?

முன்பு இந்தக் காட்டில் திருட்டு மலிந்திருந்தது. அங்கே வயணா என்று ஒரு மரம் உண்டு. இலவங்கப்பட்டை இனத்தைச் சேர்ந்தது. அதன் பட்டைக்குச் சந்தையில் நல்ல விலை. அதற்காகச் சிலர் கூட்டமாகக் காட்டுக்குள் நுழைவார்கள். நாள் கணக்கில் உள்ளே தங்கிப் பட்டையை உரித்து மூட்டை கட்டி வருவார்கள். பட்டை போன மரம் பட்டுப்போகும். பசித்தால் வேட்டையும் ஆடுவார்கள். காவலர்கள் துரத்துவார்கள், பிடிப்பார்கள், வழக்குப் போடுவார்கள். ஜெயிலுக்குப் போய் வந்தவர் மறுபடியும் காட்டுக்கே போவார். வேறு பிழைப்பு இல்லையே!

1996-ம் ஆண்டில் உலக வங்கி உதவியுடன் புதிய திட்டம் ஒன்று தொடங்கிற்று. காட்டைச் சுற்றி வாழும் மக்களைச் சேர்த்துக்கொண்டு காட்டைக் காக்கும் திட்டம் அது. காட்டு அதிகாரிகள் பட்டை உரித்தவர்களையே கூப்பிட்டுப் பேசினார்கள். “திருட்டை விடுங்கள். காவலுக்குத் துணை நில்லுங்கள். பிழைக்க வழி செய்கிறோம்” என்பதுதான் பேச்சின் சாரம்.

அவர்கள் சம்மதித்தார்கள். சங்கம் அமைத்தார்கள்.

காட்டின் கள்ள வழிகள் எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். எந்த ஓடையில் யானை இறங்கும், எந்தப் பாறைக்கு அடியில் ஒளியலாம், எந்த வழியாகத் திருடன் வருவான் என்பது எல்லாம் தெரியும். திருடப் பயன்பட்ட அதே அறிவு காவலுக்குப் பயன்பட்டது. இன்று உல்லாசப் பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துப் போய்க் கூடாரம் அடித்துத் தங்க வைத்துக் கூட்டி வருகிறவர்களில் அவர்களும் உண்டு. துப்பாக்கி ஏந்திய காவலர் ஒருவரும் கூடப் போவார். பயணிகள் நடக்கும் நடையே காவல் நடையும் ஆகிவிடுகிறது. ஆள் நடமாட்டம் உள்ள பாதையில் திருடன் வரத் தயங்குவான் அல்லவா?

மலைவாழ் மக்களான மன்னான்களும் பளியர்களும் இந்த வேலையில் சேர்ந்தார்கள். மன்னான் மக்களின் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிச் செய்தி. ஏரியில் மூங்கில் தெப்பம் விட்டு மீன் பிடிப்பது அவர்களுடைய தொழில். பயணிகளை ஏற்றிச் செல்லும் மூங்கில் தெப்பத்தைப் பார்த்தால் அந்தப் பழைய தொழில்தான் நினைவுக்கு வரும்.

பெண்களும் பின்தங்கவில்லை. குமுளிப் பக்கத்துப் பெண்கள் ‘வசந்த சேனை’ என்று ஓர் அணி அமைத்தார்கள். கூலியை எதிர்பாராமல், வீட்டு வேலைக்கு நடுவே முறை வைத்துக்கொண்டு காட்டைச் சுற்றிக் காவல் வந்தார்கள். சந்தன மரத்தைத் திருட வருகிறவனுக்கு இந்தத் தாய்மார்களின் கண்ணே பெரிய பூட்டு!

மூன்று துயரங்கள்

காட்டுக்கு வேலி என்பது புரிகிறது. நம் உயிருக்கு எப்படி வேலி?

நடந்துபோன மூன்று துயரங்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, தண்ணீரில் நடந்தது. 2009-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி. தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்தது. 45 பேர் மாண்டார்கள். கரையில் மிருகங்களைப் பார்க்கும் ஆவலில் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்தார்கள் என்று அப்போது கூறப்பட்டது. படகின் அமைப்பைப் பற்றியும் கேள்விகள் எழுந்தன.

இரண்டாவது, பாதையில் நடந்தது. 2011-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி. மகரஜோதி பார்த்துவிட்டுப் புல்மேட்டிலிருந்து பக்தர்கள் இறங்கினார்கள். இருட்டு நேரம். ஒடுங்கிய வழி. பெருங்கூட்டம். நெரிசலில் 100-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் இழந்தார்கள். தமிழ்நாட்டு வீடுகளிலும் அன்று அழுகுரல் கேட்டது.

மூன்றாவது, தமிழ்நாட்டு மலையில் நடந்தது. 2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியது. மலை ஏறப் போயிருந்த இளைஞர்களும் பெண்களும் தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அது புல் காய்ந்து கிடந்த கோடைக்காலம். அந்தப் பாதைக்கு உரிய அனுமதி அவர்களுக்கு இல்லை.

மாண்டவர்களைக் குறை சொல்வது நம் நோக்கம் அல்ல. அவர்கள் ஆசையோடு போனவர்கள், பக்தியோடு போனவர்கள். ஆனால் மூன்று துயரங்களும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. மலையும் தண்ணீரும் கூட்டத்தைத் தாங்கா. “இத்தனை பேருக்கு மேல் வேண்டாம்”, “இன்று போக வேண்டாம்”, “எழுந்திருக்காதீர்கள்” என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்கவும் வேண்டும்.

‘வழிகாட்டி’ என்று யாரோ ஒருவர் முன்னால் நடந்தால் போதாது. அவர் காட்டுக்குப் பொறுப்பானவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருக்க வேண்டும். கடைத்தெருவில் கையைப் பிடித்து இழுத்து, “வாருங்கள், புலி காட்டுகிறேன்” என்பவர் வழிகாட்டி அல்ல. காட்டு இலாகா அலுவலகத்தில் சீட்டு வாங்கினால், பயிற்சி பெற்றவரை அனுப்புவார்கள்.

அவருக்குத் தெரிந்தது

காட்டை நன்றாக அறிந்தவர் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. காதாலும் மூக்காலும் பார்க்கிறார்.

மூங்கில் முறியும் சத்தம் கேட்டால் நின்றுவிடுவார். அங்கே யானை மேய்கிறது என்று பொருள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்ப்பார். நம் வாசனை யானையை எட்டாத பக்கமாகச் சுற்றி அழைத்துப் போவார். பாதையில் கிடக்கும் லத்தியைப் பார்த்து யானை போய் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்வார். மரத்தின் மேல் கருமந்தி அலறினால், பக்கத்தில் எங்கோ புலியோ சிறுத்தையோ நடமாடுகிறது என்று எச்சரிப்பார். மழைக்காலத்தில் அட்டை ஏறாமல் இருக்க முழங்கால் வரை துணி உறை மாட்டி விடுவார்.

நாமாகப் போனால் நம் கண்ணுக்கு மரம், மரம், மரம்! அவரோடு போனால் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பெயர். ஒவ்வொரு காலடிக்கும் ஒரு சேதி. கொடுத்த காசுக்கு அதிகமாகவே கிடைக்கிறது.

சில கேள்விகள்

“காடு பொதுச் சொத்து. அதில் நடக்கக் காசா?” என்று கேட்கலாம்.

ஊர்க் கிணறும் பொதுதான். அதற்காக யாரும் அதில் கால் கழுவுவது இல்லை. பொதுவானதற்குத்தான் கட்டுப்பாடு அதிகம் வேண்டும்.

“திருடினவர்களை நம்பலாமா?” என்று கேட்கலாம்.

பசிக்காகத் திருடினவன் பசி தீர்ந்தால் திருந்துவான். இந்தக் காட்டில் அது நடந்து காட்டியிருக்கிறது. பல ஆண்டுகளாகப் பயணிகள் அவர்களை நம்பிக் காட்டுக்குள் இரவு தங்கி வருகிறார்கள். அவர்களுக்கு வருமானம் நின்றுவிட்டால்தான் ஆபத்து. நாம் கொடுக்கும் கூலி அந்த ஆபத்தைத் தடுக்கிறது.

“ஏழைக் குடும்பத்துக்குக் கட்டுமா?” என்று கேட்கலாம்.

இது நியாயமான கேள்வி. காடு பணக்காரர்களின் காட்சிப் பொருளாக ஆகிவிடக் கூடாது. வெளிநாட்டார் ஒரு நாள் நடப்பதற்குக் கொடுக்கும் தொகையை, ஐந்து பேர் உள்ள ஒரு தொழிலாளிக் குடும்பம் கொடுக்க முடியாது. அதற்கு வழி, வழிகாட்டியை ஒதுக்குவது அல்ல. பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஏழைக் குடும்பங்களுக்கும் அரசாங்கம் சலுகை கொடுக்க வேண்டும். அந்தச் சலுகையால் வழிகாட்டியின் கூலி குறையக் கூடாது. ஒருவர் வயிற்றில் அடித்து இன்னொருவருக்குத் தருமம் செய்வது தருமம் ஆகாது.

அரசாங்கத்துக்கு ஒரு வார்த்தை

தமிழ்நாட்டிலும் நல்ல காரியம் ஒன்று தொடங்கியிருக்கிறது. 2024-ம் ஆண்டு அக்டோபர் மாதம், 40 மலைப் பாதைகளைத் தேர்ந்தெடுத்து, முன்பதிவு செய்து நடக்கும் திட்டத்தைத் தமிழக அரசாங்கம் கொண்டுவந்தது. மலைவாழ் இளைஞர்களுக்கும் காட்டோர ஊர்களின் இளைஞர்களுக்கும் வழிகாட்டும் பயிற்சி கொடுத்தார்கள். காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடும் ஏற்பாடும் உண்டு. குரங்கணித் தீ கற்பித்த பாடத்தை மறக்கவில்லை என்பதற்கு இது அடையாளம்.

நாம் சொல்ல விரும்புவது மூன்று.

முதலாவது, கூட்டம் பெருகினாலும் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற எண்ணிக்கையைப் பெருக்கக் கூடாது. வருமானம் வருகிறதே என்று வரம்பைத் தளர்த்தினால் வேலியை நாமே பிடுங்கியது போல் ஆகும்.

இரண்டாவது, பயணிகள் கட்டும் பணத்தில் எவ்வளவு அந்த ஊர் மக்களுக்குப் போகிறது என்பதை எழுதி, பாதை தொடங்கும் இடத்தில் பலகையில் மாட்ட வேண்டும். கொடுப்பவனுக்கும் தெரிய வேண்டும். வாங்குபவனுக்கும் தெரிய வேண்டும்.

மூன்றாவது, மழைக்காலத்திலும் தீக்காலத்திலும் பாதை மூடியிருக்கும். அந்த மாதங்களில் வழிகாட்டியின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? அப்போது அவர்களுக்குத் தீத்தடுப்பு வேலையும் காவல் வேலையும் கொடுத்துச் சம்பளம் தர வேண்டும். ஆண்டு முழுவதும் காட்டை நம்பிப் பிழைப்பவன்தான் ஆண்டு முழுவதும் காட்டைக் காப்பான்.

பெரியாற்றுக் காட்டை ஒட்டியே தமிழ்நாட்டில் மேகமலைக் காடு இருக்கிறது. 2021-ம் ஆண்டில் அது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆயிற்று. யானைக்கும் புலிக்கும் மாநில எல்லை தெரியாது. திருடனுக்கும் தெரியாது. காவலுக்கு மட்டும் எல்லை இருந்தால் போதுமா? இரண்டு மாநிலத்து வழிகாட்டிகளும் காவலர்களும் அடிக்கடி கூடிப் பேச வழி செய்ய வேண்டும். தண்ணீரைப் பற்றி வழக்காடினாலும், தண்ணீரைத் தரும் காட்டைக் காப்பதில் அண்ணன் தம்பியாக இருக்கலாமே!

நம் பங்கு

அடுத்த விடுமுறைக்குத் தேக்கடி போகும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள்.

படகில் ஏறினால் மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டுங்கள். குழந்தைகளுக்கு முதலில் கட்டுங்கள். யானையே வந்து நின்றாலும் இருக்கையை விட்டு எழாதீர்கள். உட்கார்ந்தபடியே பார்த்தாலும் யானை அதே அளவுதான் தெரியும்!

பாதையில் நடக்கும்போது சத்தம் போடாதீர்கள். செல்போனில் பாட்டு வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பையையும் தின்பண்டக் காகிதத்தையும் மடியில் கட்டிக்கொண்டு ஊருக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். குரங்குக்குத் தீனி போடாதீர்கள். பீடி, சிகரெட், தீப்பெட்டி எதையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள்.

படகுச் சவாரியோடு நிறுத்திவிடாமல், முடிந்தால் ஒரு காலை நேரம் வழிகாட்டியோடு நடந்து பாருங்கள். அவர் பெயரைக் கேளுங்கள். அவர் ஊரைக் கேளுங்கள். பிள்ளைகளை அவர் பக்கத்தில் நடக்க விடுங்கள். புத்தகத்தில் இல்லாத பாடம் அவரிடம் உண்டு. பெரிய பள்ளிக்கூடம் போகாதவராக இருந்தாலும், அந்தக் காட்டில் அவரே வாத்தியார்.

அவர் கையில் கூலியைக் கொடுக்கும்போது தருமம் செய்ததாக எண்ண வேண்டாம். நம் வீட்டுத் தண்ணீருக்குக் காவல் நிற்பவருக்குக் கொடுக்கும் சம்பளம் அது.